காட்டா லூப்ஸ்: லாரிக்காரர் விட்ட இடம்

மணாலியிலிருந்து லே போகும் பாதை, சர்ச்சுவைத் தாண்டியதும் மலையைச் சுற்றிப் போவதை விட்டுவிட்டு மேலே ஏறத் தொடங்குகிறது. 21 கொண்டை ஊசி வளைவுகள். உச்சி 4,600 மீட்டருக்கும் மேல். காட்டா லூப்ஸ் என்று பெயர். மரம் கிடையாது, நிழல் கிடையாது. கடல் மட்டத்தில் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதிக்குச் சற்றே கூடுதலாகத்தான் இங்கே கிடைக்கும். நாலு அடி வேகமாக நடந்தாலே மூச்சு வாங்குகிறது; மூளையும் மெதுவாகத்தான் வேலை செய்கிறது.

ஒரு ஜூலை மாதக் காலையில் எட்டு மோட்டார் சைக்கிள்கள் இந்த வளைவுகளில் ஏறுகின்றன. பாதிக்கு மேல் சென்னையில் தயாராகும் என்ஃபீல்டுகள். புனேயிலிருந்து வந்த நண்பர்கள். சமவெளி நெடுஞ்சாலையில் பழகிய ஒழுங்கை இங்கேயும் விடவில்லை: ஒருவர் இடப்பக்கம், அடுத்தவர் வலப்பக்கம் என்று மாறி மாறி வருகிறார்கள். அகலமான சாலைக்கு ஏற்ற ஏற்பாடு அது. வரிசையில் மூன்றாவதாக வருகிற பெண் வங்கி அதிகாரி. அவருடைய இடம் வலப்பக்கம், அதாவது சாலையின் நடுவை ஒட்டி.

பாதிக்கு மேல் ஏறியாகிவிட்டது. ஒரு வளைவில் வலப்பக்கம் பாறை துருத்திக்கொண்டிருக்கிறது. எதிரே வருவது தெரியாது. லேயில் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும் காலி லாரி ஒன்று மெல்ல வெளிப்படுகிறது. முதல் இரண்டு வண்டிகள் கடந்துவிட்டன. அப்போதுதான் லாரிக்குப் பின்னாலிருந்து, ஹார்ன்கூட அடிக்காமல், ஒரு பெரிய வெள்ளைக் கார் முந்திக்கொண்டு வருகிறது.

அவருக்கு வலப்பக்கம் லாரி, எதிரே கார், இடப்பக்கம் இரண்டு அடி சரளைக்கல். அதற்கப்பால் பள்ளத்தாக்கு. சரளையில் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் வண்டி சறுக்கும். அவர் ஓரத்துக்கு ஒதுங்குகிறார். அதே நொடியில் லாரிக்காரர் ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடிக்கிறார். தகரம் பாறையில் உரசுகிறது. கிடைத்த இடைவெளியில் கார் நுழைந்து போய்விடுகிறது. அதன் பக்கக் கண்ணாடி பட்டுப் பெண்ணின் பையைக் கட்டியிருந்த வார் அறுந்து தொங்குகிறது. கார் நிற்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நான்கு வளைவுகளுக்குக் கீழே ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறது.

இடம் குறுகலான மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முதலிடம், இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும் என்பது விதி. விதியைப் படிக்காத லாரிக்காரர்களும் இதைத் தவறுவதில்லை. வலப்பக்க விளக்கை மினுக்கினால் பின்னால் வருகிறவர் முந்தலாம் என்று அர்த்தம். ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கை தெரிந்தால் பொறுத்திரு என்று அர்த்தம். எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் சொல்லித் தராத பாஷை இது. 2020 அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்தபின் ரோதாங் கணவாயில் ஏறி இறங்கும் வேலை இல்லை. 46 கிலோமீட்டர் மிச்சம். ஒரே நாளில் லே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் பெருகிவிட்டார்கள். சாலை சுலபமாகிவிட்டது. அதன் பாஷையைக் கற்றுக்கொள்ள யாருக்கும் நேரமில்லை.

லாரியிலிருந்து இறங்கியவர் வயதான சர்தார்ஜி. காரைத் திட்டுவார் என்று எல்லோரும் காத்திருக்க, அவர் திட்டியது இவர்களை. கண்ணுக்குத் தெரியாத வளைவில் நடுச்சாலையில் என்ன வேலை மகளே? ஒருவர் பின் ஒருவராக, ஓரமாக, ஹார்ன் அடித்துக்கொண்டு வர வேண்டாமா? நியாயமான கேள்வி. யாரிடமும் பதில் இல்லை. உரசிய தகரத்துக்குப் பணம் நீட்டினார்கள், வாங்க மறுத்துவிட்டார். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார்.

இந்த வளைவுகளில் ஓரிடத்தில் தண்ணீர் பாட்டில்கள் குவிந்து கிடக்கின்றன, நடுவே சின்னதாக ஒரு கோயில். பழுதாகி நின்ற லாரிக்குக் காவலாக விடப்பட்டு, உதவி வருமுன் குளிரில் இறந்துபோன கிளீனர் ஒருவனின் ஆவி தாகத்துக்குத் தண்ணீர் கேட்கிறது என்பது ஓட்டுநர்களின் நம்பிக்கை. சிலர் சிகரெட்டும் வைக்கிறார்கள். குழுவில் பேயை நம்புகிறவர்கள் யாருமில்லை. ஆனாலும் ஆளுக்கொரு பாட்டில் வைத்தார்கள்.

அறுந்த வாரைக் கயிற்றால் கட்டிக்கொண்டு அந்தப் பெண் கிளம்புகிறார். ஒற்றை வரிசை, நடுவே தாராளமான இடைவெளி. உச்சி வரும்வரை ஒவ்வொரு வளைவிலும் எட்டு ஹார்ன்கள்.