கல்லில் விழுந்த முக்காடு

ஐதராபாத்தில் மூசி ஆற்றின் தென்கரையில் அமைந்துள்ள சாலார் ஜங் அருங்காட்சியகத்தில், மணிதோறும் ஒலிக்கும் இசைக் கடிகாரத்தின் முன் கூட்டம் முண்டியடிக்கும். அதே கூட்டம் வெண்சலவைக் கல்லாலான ஒரு பெண்ணுருவின் முன் வந்ததும் குரல் தாழ்த்திக்கொள்ளும். தலையிலிருந்து இறங்கி முகத்தை மூடுகிறது ஒரு மெல்லிய முக்காடு. அதனூடே மூக்கும் இதழ்களும் தாழ்ந்த இமைகளும் தெரிகின்றன.

உண்மையில் அங்கே முக்காடு இல்லை. முக்காட்டுக்குப் பின்னே வேறொரு முகமும் இல்லை. இருப்பது ஒரே கற்பரப்பு. மடிப்பு மேடாக எழும் இடத்தைத் துணி என்றும், மடிப்பு அடங்கி வளைவு மட்டும் எஞ்சும் இடத்தை முகம் என்றும் காண்பவரின் கண்ணே பிரித்துக்கொள்கிறது. சிற்பி கல்லில் பாதியைத்தான் செய்தார். மீதியைப் பார்ப்பவர் செய்கிறார்.

அச்சிற்பி உரோம் நகரில் பணிபுரிந்த இத்தாலியர் ஜியோவன்னி மரியா பென்சோனி (1809–1873). ஐதராபாத்தின் திவானாக இருந்த முதலாம் சாலார் ஜங் 1876இல் ஐரோப்பியப் பயணத்தின்போது இச்சிலையை வாங்கினார். இதே வடிவம் அமெரிக்காவின் அட்லாண்டா, டெட்ராய்ட் நகரங்களின் அருங்காட்சியகங்களிலும் உண்டு. அக்காலச் சிற்பக்கூடங்களில் முதலில் களிமண்ணில் உரு அமைப்பர். அதற்குச் சுண்ண வார்ப்பு எடுப்பர். அதன் அளவுகளைப் புள்ளி புள்ளியாகக் கல்லுக்கு மாற்றி உதவியாளருடன் செதுக்குவர். உலகில் இது ஒன்றே என்று நம்பி வருபவர் சற்றே ஏமாறலாம். ஆயினும், களிமண்ணில் தவறிய மடிப்பை விரலால் திருத்தலாம்; கல்லில் உடைந்த மடிப்பு உடைந்ததுதான். ஒவ்வொரு படியிலும் அந்த அச்சம் புதியது.

சிலையின் பெயர் ரெபெக்காள். விவிலியத்தின் ஆதியாகமம் கூறும் கதை அவளுடையது. மாலைவேளையில் கிணற்றடிக்கு வந்த அயலான் ஒருவனுக்கு நீர் வார்த்தாள். அவனுடைய பத்து ஒட்டகங்களுக்கும் சளைக்காமல் நீர் இறைத்தாள். அவன் ஆபிரகாமின் ஊழியன். தன் தலைவரின் மகன் ஈசாக்குக்குப் பெண் தேடி வந்தவன். உடன்செல்லச் சம்மதமா என்று வீட்டார் கேட்டபோது, போகிறேன் என்று அவளே விடை கூறினாள். நெடுவழி கடந்தபின், வயல்வெளியில் எதிரே வருபவர் ஈசாக்கு என அறிந்ததும் முக்காட்டை எடுத்துத் தன்னை மூடிக்கொண்டாள்.

துணியின் மென்மையை வியப்பவர் பலர். அதை இழுத்துவிட்ட கை அவளுடையதே என்பதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர். பிறந்த வீட்டைவிட்டுத் தானாகவே புறப்பட்டு வந்தவள், இன்னும் முகம் காணாத கணவனின் முன் தலை தாழ்த்தி நிற்கிறாள். ஈசாக்கு இன்னும் அருகில் வந்து சேரவில்லை.