இரண்டாவது நோட்டு

சென்ற மாதம் நண்பரின் மகன் ஒருவன் ஆலோசனை கேட்டு வீட்டுக்கு வந்திருந்தான். சென்னையில் கணிப்பொறி வேலை. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் அவனுடைய திரையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை படமெடுத்து மேலாளருக்கு அனுப்பும் மென்பொருளொன்றை நிறுவனத்தில் போட்டிருக்கிறார்களாம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டவன், வாராந்தரக் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பிரச்சினையை எல்லோர் முன்னிலையிலும் சொல்லவேண்டும் என்று புது வழக்கம் வந்த பிறகு தூக்கம் கெட்டுத் திரிகிறான். "விட்டுரலாமா மாமா?" என்றான். விடு என்று சொல்ல வாயெடுத்தேன், சொல் வரவில்லை. இதே கேள்வியை வாயில் அடக்கி மென்றுகொண்டு ஏழு மாதங்கள் போடிமெட்டு ஏறி இறங்கியவன் நான்.

1997ஆம் வருடம். பி.காம். முடித்துவிட்டுப் போடியில் சும்மா இருந்தேன். மெட்டைத் தாண்டிப் பூப்பாறை போகும் வழியில் ஏலத்தோட்டம் ஒன்றில் கணக்கெழுத ஆள் கேட்டார்கள். விடியுமுன் ஜீப். ஒரு ஜீப்பில் 15 பேருக்குக் குறையாமல் பெண்கள், மடியில் தூக்குச்சட்டி, முன் இருக்கையில் ஓட்டுநருக்கும் கதவுக்கும் இடையே கணக்கப்பிள்ளையாகிய நான். முந்தலைக் கடந்ததும் ஏற்றம் தொடங்கும். 17 கொண்டை ஊசி வளைவுகள். பாதி மலை ஏறும்வரை கீழே போடியின் விளக்குகள் தெரியும். அப்புறம் மேகம் வந்து மூடிக்கொள்ளும். மெட்டில் இறங்கி ஒரு தேநீர். எல்லைக்கு அப்பால் கேரளம். எங்கள் ஊர்ப் பெண்கள் தமிழ்நாட்டில் உறங்கிக் கேரளத்தில் உழைத்தார்கள். இன்றும் அப்படித்தான்.

தோட்டத்தின் முதல் வழக்கம் சோதனை. மாலையில் வாசலருகே பெண்கள் வரிசையில் நிற்பார்கள். தூக்குச்சட்டியைத் திறந்து காட்டவேண்டும், மழைக்குப் போர்த்தியிருக்கும் பிளாஸ்டிக் விரிப்பை உதறவேண்டும், கொண்டையை அவிழ்க்கவேண்டும். சோதிப்பவளும் பெண்தான். என்றாலும் பத்தடி தள்ளி மேனேஜரும் ஜீப் ஓட்டுநர்களும் நின்றுகொண்டிருக்கையில் நாற்பது வயதுப் பெண்மணி ஒருத்தி தலைமுடியை அவிழ்த்து உதறுவதைப் பார்ப்பது எளிதல்ல. நான் முதல் வாரம் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன். இரண்டாவது வாரம் திரும்பிக்கொள்ள மறந்துவிட்டது.

முதலாளியின் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. ஏலக்காய் கையளவில் விலைபோகும் பொருள். உலர்ந்த காய் ஒரு கைப்பிடி மடியில் போனால் ஒரு நாள் கூலிக்கு ஈடாகிவிடும். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ ஏழாயிரம் ரூபாயைத் தொட்டது என்றால் யாருக்குத்தான் பயமிராது? சோதனை உலகெங்கும் உண்டு. அமெரிக்காவில் நெவாடா மாநிலத்துச் சேமிப்புக் கிடங்குத் தொழிலாளர்கள், வேலை முடிந்த பின் திருட்டுச் சோதனைக்கு வரிசையில் காத்திருக்கும் இருபத்தைந்து நிமிடங்களுக்கும் கூலி வேண்டும் என்று வழக்காடி, 2014இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் தோற்றார்கள். எங்கள் பெண்கள் கூலி கேட்கவில்லை. ஜீப் இருட்டுமுன் மலையிறங்கவேண்டும் என்பது மட்டுமே அவர்கள் கவலை.

இரண்டாவது வழக்கம் விசித்திரமானது. எடையில் குறைவு வந்தால் ஸ்டோர் வாசலில் முருகன் படத்துக்கு முன் கற்பூரம் ஏற்றுவார்கள். ஏலக்காய் உலர்த்தும் கட்டிடத்தை அங்கே ஸ்டோர் என்றே சொல்வது. வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வந்து எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, நான் எடுக்கவில்லை என்று சொல்லவேண்டும். தயங்குகிறவள் கள்ளி. சூடு தாங்காமல் கையை இழுத்துக்கொள்பவளும் கள்ளிதான்.

இதைப் பட்டிக்காட்டுத்தனம் என்று நான் அப்போது மனத்துக்குள் சிரித்தேன். பிற்பாடு படித்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. 1873ஆம் வருடத்து இந்தியப் பிரமாணச் சட்டம் ஏறக்குறைய இதற்கு இடம்கொடுத்திருக்கிறது. எதிராளி தன் சமூகத்தில் கட்டுப்படுத்தும் என்று கருதப்படும் முறையில் சத்தியம் செய்தால் அதற்குக் கட்டுப்படுகிறேன் என்று ஒருவர் நீதிமன்றத்தில் சொல்லலாம். சத்தியம் செய்துவிட்டால் அதுவே முடிந்த முடிவு. 1969இல் புதுச் சட்டம் வந்துதான் அந்த ஏற்பாடு ஒழிந்தது. கற்பூரத்துக்குப் பதில் கருவியை வைத்த நாட்டிலும் இதே கதைதான். வேலையாட்களைப் பொய் கண்டறியும் கருவியின்முன் உட்கார்த்தும் வழக்கம் அமெரிக்கத் தனியார் நிறுவனங்களில் பரவிப்போய், 1988இல் அதைப் பெரும்பாலும் தடைசெய்து சட்டம் போடவேண்டியிருந்தது. நம் உச்ச நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரைக்கூட அக்கருவிக்குக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று சொன்னது 2010இல். மடியைச் சோதித்து முடித்தவனுக்கு அடுத்து மனத்தைச் சோதிக்கவேண்டும் என்று தோன்றிவிடுகிறது போலும்.

மூன்றாவது வழக்கத்துக்கு நானே கருவி. சேர்ந்த மூன்றாம் மாதம் மேனேஜர் அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றைக் கொடுத்தார். பச்சைக்காய் வரவு, உலர்ந்த காய் எடை, கூலி இவற்றுக்கு ஏற்கெனவே ஒரு பேரேடு என்னிடம் இருந்தது. இது வேறு. யார் வீட்டில் என்ன விசேஷம், யார் புதிதாகத் தோடு போட்டிருக்கிறாள், யார் வீட்டுக்கு டிவி வந்திருக்கிறது, யாருடைய மகன் திருப்பூருக்குப் போனான் என்பதையெல்லாம் அன்றன்றைக்குக் குறித்துவைக்கவேண்டும். "நீங்க அதே ஜீப்புலதான வர்றீங்க, காதுல விழும்ல" என்றார்.

காதில் விழத்தான் செய்தது. அந்த ஜீப்பில் அவர்கள் பேசாத பேச்சு இல்லை. குளிரும் தூக்கமும் தெரியாமலிருக்கப் பேசிக்கொண்டே வருவார்கள். இரண்டு வாரம் எழுதினேன். எப்படியோ செய்தி கசிந்தது. ஒரு நாள் காலை நான் ஏறி உட்கார்ந்ததும் பின்னால் பேச்சு நின்றது. முந்தலிலிருந்து மெட்டுவரை இஞ்சின் சத்தம் மட்டும்தான்.

அன்றிரவே விட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். காலையில் தீர்மானம் கரைந்துவிட்டது. தங்கை கல்யாணத்துக்கு அப்பா என் பேரில் தோட்டத்தில் எட்டாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார். சம்பளம் மாதம் ஆயிரத்து நானூறு. வாங்கின கடனை அடைக்காமல் வேலையை விடுவது அப்பாவின் அகராதியில் திருட்டுக்குச் சமானம். இந்த எண்ணமும் சும்மா வந்ததில்லை. முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப்போவது இந்த நாட்டில் 1859ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரிய செயலாகவே இருந்தது. மாஜிஸ்டிரேட் வேலைக்குத் திரும்ப உத்தரவிடலாம். மறுத்தால் மூன்று மாதம்வரை சிறை. 1925இல்தான் அதை ரத்துசெய்யச் சட்டம் இயற்றினார்கள். பி. எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ', இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று 2007இல் வந்தபோது வாங்கிப் படித்தேன். வால்பாறைத் தேயிலைத் தோட்டத்து முன்பணக் கணக்கு அதில் வளர்ந்துகொண்டே போகும். பக்கத்துக்குப் பக்கம் அப்பாவின் முகம் தெரிந்தது. சட்டம் ஒழிந்து எழுபது வருடமாகியும் அவருக்குள் அது அமலில் இருந்திருக்கிறது.

ஜீப்பில் வரும் பெண்களிலேயே மூத்தவர் ஒருவர் இருந்தார். பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். மெட்டில் தேநீர் குடிக்க இறங்கியபோது அவரிடம் நோட்டு விஷயத்தை ஒப்புக்கொண்டு, போய்விடப்போகிறேன் என்றேன். அவர் டம்ளரைக் கழுவிக் கொடுத்துவிட்டு வந்தார்.

"நீ போயிட்டா உன் கை சுத்தமாயிரும் தம்பி. எங்களுக்கு என்ன? நாளைக்கே இன்னொருத்தன் வருவான். நீ எழுதாம விட்டதையும் சேத்து எழுதுவான்."

"அப்ப என்ன செய்யச் சொல்றீங்க?"

"எழுது. ஒண்ணுக்கும் ஆகாததா எழுது."

எனக்கு அது பெரிய விடுதலையாக இருந்தது என்பதை மறைப்பானேன்? வேலையும் நிற்கும், மனச்சாட்சியும் நிற்கும். அடுத்த இரண்டு மாதங்கள் அந்த நோட்டை ஒருவித நாவலாசிரியனின் உற்சாகத்தோடு எழுதினேன். கோயில் கொடை, ஆடு குட்டி போட்டது, காய்ச்சல், பேரன் பிறந்தது. தோடு, டிவி எதுவும் கிடையாது. மேனேஜரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜீப்பில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சுக்கூடத் திரும்பியது.

ஐப்பசி அடைமழையில் அது வந்தது. ஒரு தடவை பறிப்பில் 600 கிலோ பச்சைக்காய் ஸ்டோருக்குள் போயிற்று. உலர்ந்து வந்தது 104 கிலோ. ஐந்துக்கு ஒன்று என்று முதலாளி வைத்திருந்த கணக்குப்படி 120 வரவேண்டும். பதினாறு கிலோ குறைவு.

இந்தப் பதினாறு கிலோவை யாரும் எடுக்கவில்லை. நிச்சயமாகச் சொல்வேன், ஏனென்றால் முதல் பேரேடு என்னிடம்தான் இருந்தது. பச்சைக்காயின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நீர். சரியாக முற்றிய காய் என்றால் ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோ தேறும். இளங்காயானால் தேறாது. மழையில் பறித்துச் சொட்டச் சொட்ட எடை போட்டால் காயின்மேல் ஒட்டியிருக்கும் தண்ணீரும் வரவாகப் பதிவாகும். அடுப்பறைச் சூட்டில் ஓர் இரவும் பகலும் இருந்துவிட்டு வரும்போது தண்ணீர் இருக்காது, வரவு மட்டும் ஏட்டில் இருக்கும். முந்தைய வருட ஐப்பசியிலும் இதே அளவு குறைந்திருந்தது. பக்கத்தைத் திறந்து மேனேஜரிடம் காட்டினேன். அவர் பொறுமையாகப் பார்த்தார்.

"கணக்கு சரிதான். அந்த இன்னொரு நோட்டை எடுங்க" என்றார்.

புரட்டிக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் நின்றார். ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே என் கையெழுத்தில் இருந்தது: மகள் சடங்கு, பந்தல், மைக்செட், 200 பேர் சாப்பாடு. ஒன்றுக்கும் ஆகாத செய்தி என்று நம்பி எழுதியது. எழுதும்போது அந்தக் கூட்டத்தையும் மைக்செட்டையும் நினைத்து எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. செலவு முழுவதும் தாய்மாமன் சீர் என்பதை நான் எழுதவில்லை. எனக்கு அது தெரியவே தெரியாது. இருநூறு பேர் சாப்பாட்டுக்கு இவளுக்கு ஏது பணம் என்று மேனேஜர் கேட்டார். அப்படி ஒரு நோட்டு இருக்கும்வரை அதற்குள் போகும் எந்தச் செய்தியும் ஒன்றுக்கும் ஆகாததாக இருக்கமுடியாது என்பது எனக்கு விளங்கியது அந்த ஒரு நிமிடத்தில்தான்.

கற்பூரம் ஏற்றப்பட்டது. முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்கள். மற்ற நாட்களில் வரிசைப்படி போகும், அன்று அவள் முதல். அவள் என்னைப் பார்க்கவில்லை. கையை ஓங்கி அடித்தாள். அணைந்தது. மறுபடி ஏற்றினார்கள், அடுத்தவள் வந்தாள். பதினெட்டுப் பேரும் அடித்து அணைத்தார்கள். ஒருவரும் அகப்படவில்லை. தூக்குச்சட்டியைக் கையில் பிடிக்கமுடியாமல் முழங்கையில் மாட்டிக்கொண்டு அவள் ஜீப் ஏறினாள். மறுநாள் அவள் வரவில்லை. அடுத்த வாரம் தேவாரம் பக்கமிருந்து ஏறும் வேறொரு ஜீப்பில் வேறு தோட்டத்துக்குப் போவதாகச் சொன்னார்கள். எனக்கு ஏழு மாதம் பிடித்த முடிவை அவள் ஓர் இரவில் எடுத்திருந்தாள். அவளுக்கும் முன்பணம் இருந்தது, என்னுடையதைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, "நீங்க எப்படி விட்டீங்க?" என்றான் பையன். வீரமாக ஒன்றும் இல்லை. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து முன்பணத்தைக் கட்டினேன். அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மேனேஜர் காரணம் கேட்டபோது, கற்பூரத்தையோ நோட்டையோ குறிப்பிடும் துணிவு வரவில்லை. மதுரையில் வேலை கிடைத்திருக்கிறது என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யை மெய்யாக்கவே அடுத்த வாரம் போடியிலிருந்து மீட்டர்கேஜ் ரயிலேறி மதுரைக்குப் போய்க் கடைகடையாக ஏறி இறங்கவேண்டியதாயிற்று. (2010 கடைசியில் அந்த ரயிலை நிறுத்தினார்கள். அகலப்பாதையாகி அது போடிக்குத் திரும்பியது 2023 ஜூனில். நான் திரும்பவில்லை.) பெரியம்மா சொன்னது பலித்தது என்றும் கேள்விப்பட்டேன். எனக்கடுத்து வந்தவன் தோடு, டிவி எல்லாம் எழுதினானாம். ஆகவே நான் போனது சரியா என்று அவரிடம் கேட்டால் அவர் இன்றும் இல்லை என்றே சொல்லக்கூடும். அவர் சொல்வது தவறென்று என்னால் வாதிட முடியாது.

கடைசி நாள் மாலை ஒன்று நடந்தது. கணக்கப்பிள்ளையை அதுவரை சோதித்ததில்லை. அன்று சட்டைப்பையைக் காட்டச் சொன்னார்கள். பெண்கள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையில் இரண்டு ஏலக்காய் இருந்தன. வாய்க்குப் போட்டுக்கொள்ள ஸ்டோர் குவியலிலிருந்து தினமும் எடுப்பதுதான். ஏழு மாதமாக எடுத்துக்கொண்டிருந்தேன், எடுக்கிறேன் என்ற நினைவுகூட இல்லாமல். சோதித்தவள் அவற்றை மேஜைமேல் வைத்தாள். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "நோட்டுல எழுதிட்டுப் போங்க" என்றார். வேடிக்கைக்குச் சொன்னாரா நிஜமாகவா என்று தெரியவில்லை. பேனாவைத் திறந்து, தேதி போட்டு, என் பெயருக்கு எதிரே 'ஏலக்காய் 2' என்று எழுதினேன். வெளியே ஓட்டுநர் ஹாரன் அடித்தார். ஜீப்பில் முன் இருக்கையில் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் பெரியம்மா சற்று நகர்ந்து இடம் விட்டார். பன்னிரண்டாவது வளைவுவரை ஒருவரும் பேசவில்லை. அப்புறம் ஒருத்தி, "ரெண்டே ரெண்டுதானா தம்பி?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.