ஒரு சாண்

விடிவதற்குள் டிரெய்லர் வந்து கேட்டருகே நின்றுவிட்டது. பெரும்பாக்கத்தைத் தாண்டி, அடுக்குமாடிக் குடியிருப்பு எழும்பிக்கொண்டிருக்கும் இடம். வண்டி நிறையக் கம்பி. 12 மீட்டர் நீளம், 16 எம்.எம். கனம், ஒரு கம்பி 19 கிலோ. நூற்றைந்து கம்பி சேர்ந்தால் ஒரு கட்டு, 2 டன். அப்படிப் பத்துக் கட்டுகள் கிடந்தன.

லோடு இறக்குவதை யாரும் வேலையாகவே எண்ணுவதில்லை. தூண் எழுப்புவது வேலை, தளம் போடுவது வேலை. இறக்குவதற்கு மட்டும் “சும்மா அரை மணி நேரம்” என்பார்கள். என் சித்தப்பா வலது கையில் மூன்று விரல்களை இழந்தது அந்த அரை மணி நேரத்தில்தான். கிரானைட் பலகையைத் தூக்க பெல்ட் மாட்டி, நழுவாமல் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். பெல்ட் இறுகியபோது விரல்கள் கல்லுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் இருந்தன. “நாந்தான்டா ‘தூக்கு’ன்னு சொன்னேன்” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். வேறு யார் மீதாவது பழி போட்டிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். ஒருவரே லோடையும் பிடித்து, சைகையும் காட்டும்படி அவரை விட்டது யார் என்ற கேள்வி அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.

இந்தத் தளத்தில் ரிக்கராக, அதாவது லோடுக்குப் பெல்ட் மாட்டித் தூக்கவைப்பவராக இருப்பவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தூத்துக்குடி துறைமுகத்தில் தொடங்கி, வளைகுடாவில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர். பையன்கள் அவரை ‘அண்ணே’ என்கிறார்கள். ஒடிசாப் பையன்களும் அதே ‘அண்ணே’தான். வந்ததும் அவர் கம்பியைப் பார்க்கவில்லை. அண்ணாந்து மின்கம்பி போகும் திசையைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். முந்தின நாள் மழையில் குழாய்ப் பள்ளத்தை மூடிய மண் ஊறிக் கிடந்தது. ஹைட்ராவை அங்கிருந்து நகர்த்தச் சொன்னார். அப்புறம் டிரெய்லர் ஓட்டுநரிடம் போய், “அண்ணாச்சி, கொஞ்சம் இறங்கி அந்தாண்ட நில்லுங்க. கேபினுக்கு மேல கம்பி போகக் கூடாதுன்னுதான் பாக்கேன், போயிட்டா?” என்றார். முகம் சுளித்தாலும் ஓட்டுநர் இறங்கிவிட்டார்.

எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் தளத்தில் அதற்கு ஹைட்ரா என்றுதான் பெயர். தூக்கிக்கொண்டே நகரும் கிரேன். 14 டன் வண்டி என்பார்கள். ஆனால் பூமை, அதாவது கிரேனின் நீளும் கையை, உள்ளே இழுத்து, லோடு வண்டியை ஒட்டியிருந்தால்தான் அந்த 14 டன். பூம் நீள நீளத் தாங்கும் எடை குறைந்துகொண்டே வரும். கேபினில் ஒட்டியிருக்கும் லோடு சார்ட் சொல்வது அதைத்தான். எழுத்து மங்கியிருந்தாலும் ஓட்டுநர் தம்பிக்கு அது மனப்பாடம்.

பெல்ட் விஷயத்தில்தான் அண்ணன் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை உதறி, நடுவில் ஒரு தண்ணீர் கேனைத் தொங்கவிட்டு, ஒரு நுனியை என்னிடம் கொடுத்தார். பக்கத்தில் நின்றபோது கேன் கனக்கவில்லை. “இப்ப தள்ளிப் போங்க தம்பி.” தள்ளத் தள்ள, அதே கேன் என் கையைப் பிடித்து இழுத்தது. இன்னும் தள்ளியபோது இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியதாயிற்று.

பெல்ட்டும் இப்படித்தான். கட்டில் 6 மீட்டர் இடைவெளியில் இரண்டு இடங்களில் பெல்ட் போடுகிறார்கள். 6 மீட்டர் பெல்ட் என்றால் ஒவ்வொன்றின் மீதும் விழுவது ஏறக்குறைய 1.15 டன். அதே கட்டுக்கு 4 மீட்டர் பெல்ட் போட்டால் ஒன்றரை டன். பெல்ட் இன்னும் படுத்து, தரைக்கு 30 பாகைச் சாய்வுக்கு வந்துவிட்டால், ஒவ்வொரு பெல்ட்டும் முழு 2 டன்னையும் தாங்க வேண்டும். கட்டு ஒரு கிலோகூடக் கூடவில்லை. அவர் போட்டது மஞ்சள் பெல்ட். மஞ்சள் என்றால் 3 டன், பச்சை என்றால் 2 டன். சுருக்குப் போட்டு மாட்டினால் அதன் பலத்திலும் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்பதால் பச்சையை அவர் எடுக்கவே இல்லை.

பையன் ஒருவன் ஆலையில் சுற்றி வந்த கட்டுக்கம்பியிலேயே கொக்கியை மாட்டப் போனான். அண்ணன் கத்தினார். காலையிலிருந்து அவர் குரல் உயர்ந்தது அந்த ஒருமுறைதான். கட்டுக்கம்பி கட்டி வைப்பதற்கு, தூக்குவதற்கு அல்ல. நூற்றைந்து கம்பி அந்தரத்தில் அவிழ்ந்தால் அதன் கீழே எந்த ஹெல்மெட்டும் உதவாது.

பெல்ட் மாட்டியதும் எல்லோரையும் டிரெய்லரிலிருந்து இறக்கினார். மேலே நிற்பவனுக்கு ஒதுங்க இடமில்லை. ஒரு பக்கம் கம்பி, மறு பக்கம் ஐந்தடிப் பள்ளம். கட்டின் இரு நுனியிலும் நீளக் கயிறு கட்டி, ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். பிறகு விரலால் காற்றில் வட்டம் போட்டார். பெல்ட் விறைத்தது. கட்டு முனகிக்கொண்டு எழுந்தது. ஒரு சாண் உயர்ந்திருக்கும். உள்ளங்கையைக் கவிழ்த்து நீட்டினார். நின்றது.

அந்த ஒரு சாணில் அவர் நிறைய பார்த்தார். கட்டு எந்தப் பக்கம் சாய்கிறது, பெல்ட் வழுக்குகிறதா, ஹைட்ராவின் பின்சக்கரம் மண்ணில் அழுந்தியிருக்கிறதா, கொக்கியின் நாக்கு மூடியிருக்கிறதா. இடது நுனி நாலு விரல் தாழ்ந்திருந்தது. இறக்கி, பெல்ட்டை நகர்த்தி, மறுபடி ஒரு சாண். ஒரு சாணிலிருந்து விழுந்தால் சத்தம்தான் வரும். பதினைந்து அடியிலிருந்து விழுந்தால் ஆள் போய்விடும். என் சித்தப்பாவுக்கு அந்த ஒரு சாண் கிடைத்திருந்தால்கூடப் போதாது. அதற்கு முன்னால், கையை எடுத்துவிட்டாயா என்று கேட்க ஒரு ஆள் இருந்திருக்க வேண்டும்.

“ஆரியா... ஆரியா...” என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே கட்டை இறக்கினார். ஆரியா என்றால் இறக்கு. போர்த்துக்கீசிய மொழியில் பாயை இறக்குவதற்கான ‘அர்ரியார்’ என்ற சொல், கப்பல் கலாசிகளின் வாய்வழியே கரையேறி வந்திருக்கிறது. ஒடிசாப் பையனும் இராமநாதபுரத்து ஓட்டுநரும் ஒரே நொடியில் புரிந்துகொள்ளும் சொல் அந்தத் தளத்தில் இதுதான்.

கட்டைத் தூக்கிக்கொண்டு ஹைட்ரா நகரும்போது முன்னால் யாரும் நடக்க அவர் விடுவதில்லை. ஆடும் லோடைக் கையால் பிடித்தபடி வண்டிக்கு முன்னால் நடப்பது எல்லாத் தளங்களிலும் நான் பார்க்கும் காட்சி. பழைய வண்டிகளில் ஓட்டுநர் பின்னால் உட்கார்ந்திருப்பார். பூமும் லோடும் அவர் பார்வையை மறைத்துவிடும். முன்னால் நடப்பவன் தடுக்கி விழுந்தால் ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. கயிறு நீளமாக இருப்பது அதற்காகத்தான்.

நாலாவது கட்டு முடிந்ததும் பெல்ட்டைக் கை மேல் ஓடவிட்டுத் தடவினார். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது. எனக்கும் காட்டினார்: கம்பி முனை கிழித்த ஒரு வெட்டு, அரை அங்குலம்கூட இல்லை, உள்ளே வெள்ளை நூல் தெரிந்தது. தூக்கும் கருவிகளுக்குச் சோதனையும் சான்றும் வேண்டும் என்பது விதி. அந்தச் சான்று இருந்த பெல்ட்தான் இது. இன்று காலை கிழிந்தது எந்தச் சான்றிலும் இருக்காது.

“இன்னும் ஆறு கட்டுதானே அண்ணே, தாங்கும்” என்றார் தளத்தின் இளம் பொறியாளர்.

அண்ணன் பதில் சொல்லவில்லை. இடுப்பிலிருந்து கத்தியை எடுத்து, பெல்ட்டை முழம் முழமாக அறுத்தார். குப்பையில் முழுசாகப் போட்டால் நாளைக்கு யாராவது எடுத்து மாட்டிவிடுவார்களாம். துண்டுகளைத் தள்ளுவண்டியில் போட்டுவிட்டு, புது பெல்ட்டுக்குப் போன் செய்தார். வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். ஹைட்ராவை அணைத்தார்கள். டிரெய்லர் ஓட்டுநர் புங்கமர நிழலில் துண்டை விரித்துப் படுத்தார்.