உம்மாவின் ஊருக்கு ஓர் இழுவைப் பெட்டி

பயணம் என்றால் ஆண்களுக்கு ஒரு கைப்பை போதும். பெண்களாகிய நமக்கு அப்படியா? வேனில் ஏறும்போதே, வுழூச் செய்ய எங்கே நிறுத்துவார்கள், தொழுவதற்கு மறைவான இடம் கிடைக்குமா, மலகூடம் சுத்தமாக இருக்குமா என்ற கவலைகளும் கூடவே ஏறிக்கொள்கின்றன. முழங்கால் வலியுள்ள என் உம்மா இந்தக் கவலையினாலேயே பல வருடங்களாகத் தூரப் பயணம் போகாமல் இருந்தார்.

ஆனால் ஓர் ஆசை மட்டும் அவர் மனதில் மிச்சமிருந்தது. ஊவாவின் தேயிலை மலைகளுக்கிடையே இருக்கும் ஸ்பிரிங்வெளி அவர் பிறந்த ஊர். மூத்தவாப்பா அங்கே தோட்டத்து மக்களை நம்பிக் கடை வைத்திருந்தார். தோட்டப் பகுதிகளின் சிறு கடைவீதிகளில் எத்தனையோ முஸ்லிம் குடும்பங்கள் இப்படித்தான் வாழ்ந்தன. "மௌத்தாகிறதுக்கு முந்தி ஒரு ராத்திரி அங்க தங்கணும். ஸுப்ஹுக்குப் பொறகு நமுனுகுல மலையப் பாக்கணும்" என்பார்.

நாங்கள் இருப்பது கிழக்குக் கரையோரம். அம்பாறை, சியம்பலாண்டுவை, மொனராகலை, பசறை வழியாகப் பதுளைக்கு ஏற வேண்டும். உம்மாவுக்காக, வேனுக்குப் பின்னால் கொளுவிச் செல்லும் ஒரு சிறு வீட்டுப் பெட்டியை நாமே செய்துவிடுவோம் என்றார் என் கணவர். படுக்க மெத்தை, ஓரமாக அடுப்பு, திரை மறைவில் ஒரு கொமட் நாற்காலி. இது புதுமையான யோசனையல்ல. அமெரிக்காவில் 1930களிலேயே சாதாரணக் குடும்பத்தார் கண்ணீர்த்துளி வடிவத்தில் இப்படிப்பட்ட பெட்டிகளைத் தம் கையாலேயே செய்திருக்கிறார்கள்.

பெட்டி செய்வது பெரிய காரியமாக இருக்கவில்லை. அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தைத் தேடியதுதான் பெரும்பாடு.

முதலில் பார்த்தது லேண்ட் மாஸ்டரின் பெட்டி. எங்கள் பக்கம் வயலுக்கு வயல் நிற்பது, விலையும் மலிவு. இவருக்குப் பிடித்துவிட்டது. பதுளைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்தவரான வெல்டிங் பாஸ் கீழே குனிந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "நானா, இது நெல்லு மூட்டைக்கு. ஸ்பிரிங் பிளேட் இல்ல. ஆள் நடக்கிற வேகத்துக்கும் கொஞ்சம் கூட ஓடுறதுக்குச் செஞ்சது. வேனுக்குப் பின்னால கட்டினா குழியில விழுந்து குதிக்கும், வளைவில ஆடும்" என்றார்.

இரண்டாவது, படகு ஏற்றிய பழைய சட்டம். பார்வைக்கு வர்ணம் பூசி அழகாக இருந்தது. பாஸ் சுத்தியலால் அடிப்பக்கம் தட்டினார். உப்புக்காற்றில் அரித்த இரும்பு தகடு தகடாக உதிர்ந்தது.

மூன்றாவது, மின்பிறப்பாக்கி ஏற்றிய சிறு இழுவை. சட்டம் எட்டடி நீளம், ஐந்தடி அகலம். விலையோ முதலாவதைப் போல இரண்டு மடங்கு. பாஸ் ஒரு கயிற்றை எடுத்து மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்தார். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் கோணவில்லை என்று அர்த்தம். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, பேரிங் சத்தம் போடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். வேன் சக்கரமே அதற்கும் பொருந்தியதால் உதிரிச் சக்கரம் ஒன்று போதும். பதிவுப் புத்தகமும் இருந்தது. இழுவைப் பெட்டியும் சட்டப்படி ஒரு வாகனமே என்பதால் அது இல்லாமல் வீதிக்கு எடுக்க முடியாது. எல்லாவற்றையும் விட, தனி பிரேக் இருந்தது. வேன் வேகம் குறையும்போது பெட்டி முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளலே அதன் பிரேக்கைப் பிடித்துவிடும்.

"அறுநூறு கிலோப் பெட்டிக்குத் தனி பிரேக் தேவையா?" என்று இவர் கேட்டார். ஐரோப்பிய நாடுகளில்கூட 750 கிலோவுக்கு மேற்பட்டதற்குத்தான் அது கட்டாயம். உம்மாதான் முடிவு சொன்னார்: "மகன், ஏத்தத்தில மெதுவாப் போனாலும் ஊர் வந்து சேரும். எறக்கத்தில நிக்குமா எண்டு பாருங்க."

யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி எல்ல – வெல்லவாய வீதியில் பஸ் ஒன்று பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் உயிரிழந்ததை யார் மறப்பார்? மூன்றாவது சட்டத்தையே வாங்கினோம்.

அதன்மேல் ஒட்டுப் பலகையாலும் மெல்லிய அலுமினியத் தகட்டாலும் பெட்டி எழுந்தது. பாரத்தை எங்கே வைப்பது என்பதில்தான் நாங்கள் பிழை விட்டோம். சமையல் சாமான், தண்ணீர், அலுமாரி எல்லாவற்றையும் வசதிக்காகப் பின்பக்கம் அடுக்கியிருந்தோம். பாஸ் கொளுவும் முனைக்குக் கீழே வீட்டு எடைத்தராசை வைத்துப் பார்த்தார். 20 கிலோதான் காட்டியது. மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்காவது முன்முனையில் இருக்க வேண்டுமாம். முனை இலேசாக இருந்தால் பெட்டி பாம்பு போல நெளிந்து வேனையும் இழுத்துவிடும். அடுப்பையும் அலுமாரியையும் முன்னுக்கு நகர்த்தினோம். 65 கிலோ வந்தது.

தண்ணீர்த் தாங்கி 200 லீற்றரில் வைக்க நினைத்திருந்தோம். ஒரு லீற்றர் ஒரு கிலோ; அது மட்டுமே 200 கிலோ! நமது நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' அளவு தண்ணீரில் வுழூச் செய்தார்கள். அது ஏறக்குறைய முக்கால் லீற்றர். அந்தக் கணக்கில் ஆறு பேர் ஐந்து நேரம் வுழூச் செய்ய 22½ லீற்றர் போதும். 60 லீற்றர்த் தாங்கியோடு நிறுத்தி, அச்சுக்கு நேர்மேலே தாழ்வாகப் பொருத்தினோம். ஸுன்னத்தைப் பேணியதில் 140 கிலோப் பாரம் குறைந்தது.

மழை ஓய்ந்த பிறகு ஒரு நாள் பிஸ்மி சொல்லிப் புறப்பட்டோம். கொளுக்கி கழன்றாலும் பெட்டி பிரிந்து ஓடாதபடி இரண்டு சங்கிலிகளைக் குறுக்காகப் பூட்டினார் இவர். ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் என்பது நாம் கற்ற பாடமல்லவா? ஓடும்போது பெட்டிக்குள் ஒருவரும் இருக்கக் கூடாது என்பதும் கண்டிப்பான சட்டம். வழியில் மரநிழலில் நிறுத்தி, ளுஹரையும் அஸரையும் கஸ்ராகத் தொழுதோம். உம்மா திரைக்குள் போய் வந்து, "அல்ஹம்துலில்லாஹ், இப்பதான் நிம்மதி" என்றார்.

பசறை மலையில் இவர் தாழ்ந்த கியரிலேயே ஏறி, தாழ்ந்த கியரிலேயே இறங்கினார். பதுளை நகரத்தைத் தாண்டியதும் ஸ்பிரிங்வெளிப் பாதை மறுபடி மேலே ஏறியது. இருபுறமும் தேயிலை, இடையிடையே லயங்கள், கொழுந்து நிறுக்கும் மடுவம். இரவு தங்க அழகான இடங்கள் நிறைய இருந்தன. ஆனால் 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் லயங்களே மண்ணுக்குள் போனதும், 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி பதுளை மாவட்டத்தைச் சிதைத்ததும் நெஞ்சில் இருந்தன. வெட்டிய மண்மேட்டின் கீழோ ஓடைக்கரையிலோ நிறுத்தாமல், தெரிந்தவர் ஒருவரின் சமதரையான முற்றத்தில் அனுமதி கேட்டு நிறுத்தினோம். சக்கரங்களுக்குக் கட்டையும் வைத்தோம்.

மூத்தவாப்பாவின் கடை இருந்த இடத்தை உம்மாவால் அடையாளம் காண முடியவில்லை. அதற்காக அவர் அழவும் இல்லை.

ஸுப்ஹு தொழுகை முடிந்து பெட்டியின் கதவைத் திறந்தோம். 2036 மீற்றர் உயரமான நமுனுகுலவின் பின்னாலிருந்து வெளிச்சம் மெல்லக் கசிந்தது. ஒன்பது சிகரம் என்பது சிங்களத்தில் அந்தப் பேரின் பொருள். உம்மா தஸ்பீஹ் மணியைக் கையில் வைத்துக்கொண்டு மெத்தையில் இருந்தபடியே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மலை அப்படியேதான் இருக்கு" என்றார். பிறகு இவரைக் கூப்பிட்டு, "மகன், எறங்கிறதுக்கு முந்தி அந்தப் பிரேக்க இன்னொருக்காப் பாத்துக்கங்க" என்றார்.

அவர் பார்த்தார். நாங்கள் பத்திரமாக இறங்கினோம். அல்ஹம்துலில்லாஹ்.