பன்னிரண்டு வருஷ மௌனம்

வாராவாரம் தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். பத்திரிகையிலிருந்து டெலிபோன் வந்தால், அத்தியாயம் எப்படியோ முடிந்துவிடும்!

இங்கிலாந்தின் ராக் பாடகி கேட் புஷ் சங்கதி வேறு. எமிலி பிராண்டியின் 'உதரிங் ஹைட்ஸ்' நாவலை வைத்து அவர் கட்டிப் பாடிய பாட்டு 1978-ல் அங்கே முதலிடம் பெற்றது. அப்போது வயது 19. மறு வருஷம் ஊர் ஊராகக் கச்சேரி; அப்புறம் 2014 வரை சொந்தக் கச்சேரியே கிடையாது. வீட்டோடு ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துக்கொண்டு, மனசுக்குப் பிடிக்கிற வரை திருத்திக்கொண்டிருந்தார். 1993-ல் ஓர் இசைத்தட்டு, அடுத்தது 2005-ல்தான்! சோம்பல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1985-ல் மூன்றாமிடம் பெற்ற அவருடைய பாட்டொன்று, தொலைக்காட்சித் தொடரில் ஒலித்து, 2022-ல் முதலிடத்துக்கு வந்தது.

போன வருஷத்து என் கதாநாயகியின் பெயர் எனக்கே மறந்துவிட்டது.