அவித்த நெல்லும் கஞ்சமலையும்

கீழ்வேளூரில் பாறை கிடையாது. கிணறு வெட்டினாலும் போர் போட்டாலும் களிமண், மணல், மறுபடியும் களிமண். கேடிலியப்பர் கோயிலின் கருங்கல்கூட வெளியிலிருந்து வந்ததுதான். அந்த ஊரில் பிறந்த ஒருவர் முப்பது வருஷத்துக்கு மேல் உருமாறிய பாறைகளில் தாது தேடினார். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பாடத்தை அவர் நெல் அவிப்பதிலிருந்துதான் தொடங்குவார்.

ஊறிய நெல்லை அண்டாவில் அவித்தால் அது குழைந்துவிடாது. உமிக்குள் இருந்தபடியே அரிசி இறுகி, தன்மை மாறிவிடும். பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700, 800 டிகிரிச் சூட்டில், மேலிருக்கும் பாறையின் கனம் அழுத்த, கல்லுக்கும் இதுவே நடக்கிறது. உருகாமல், கெட்டியாக இருந்தபடியே பழைய கனிமங்கள் புதியவையாகின்றன. பொடிமணிகள் சேர்ந்து பெருமணிகளாகின்றன. உருகிவிட்டால் கஞ்சி. அது வேறு பாறை.

அவருடைய பள்ளிக்கூடம் சேலத்துக் கஞ்சமலை. அங்கே ஒரு துண்டை உடைத்துக் கையில் வைத்தால் கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாகத் தெரியும். வெள்ளை, குவார்ட்ஸ். கறுப்பு, மேக்னடைட், காந்தத்தைக் காட்டினால் பட்டென்று ஒட்டும். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கல் வெந்துவிட்டது. அதற்கும் முன்னால் அது கடலடியில் மெல்லிய படலங்களாகப் படிந்த இரும்பும் சிலிக்காவும்.

வெந்ததால் இரும்பு கூடிவிட்டதா? இல்லை. அது ஏறத்தாழ 35 சதவீதம்தான். கூடியது மணியின் அளவு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இதே குடும்பத்துத் தாதுவை மாவாக அரைத்தால்தான் இரும்பு பிரியும். கஞ்சமலையில் மணி பெரிது, அவ்வளவு அரைக்க வேண்டாம். அவித்த நெல்லை மில்லில் விட்டால் நொய் குறைவாக விழுவது போலத்தான், லாபம் பக்குவத்தில் இருக்கிறது. 1830இல் ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய இரும்பாலை இந்தச் சேலத்துத் தாதுவைத்தான் நம்பியது.

வேலைக்கு வந்த முதல் வருஷம் கீழ்வேளூர்க்காரர் ஒரு தப்பு செய்தார். கஞ்சமலையின் வடசரிவில் ஒரு தாதுப் பட்டை, தென்சரிவில் இன்னொன்று. வரைபடத்தில் இரண்டு என்று குறித்தார். மூத்தவர் ஒருவர் பாயின் இரு ஓரங்களையும் தூக்கிப் பிடித்து, நடுவில் தொய்யவிட்டுக் காட்டினார்: "தம்பி, ரெண்டு ஓரமும் ஒரே பாய்தானே?" வெந்த பாறை மடிந்தும் போகும். அன்றிலிருந்து எந்தப் பட்டையைக் கண்டாலும் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று அளந்த பிறகே எண்ணத் தொடங்குவார்.

சிவகங்கையில் பாறைமேல் விரலை வைத்தாலே வேலை முடிந்துவிடும். பாறையைத் தடவிய விரல் பென்சில் கரியாகப் பளபளக்கும். வண்டலோடு புதைந்த உயிர்ச்சத்தின் கார்பன், சூட்டில் செதில் செதிலான கிராஃபைட்டாகியிருக்கிறது. பாறையில் கார்பன் சராசரி 14 சதவீதம். தமிழ்நாடு அரசின் டாமின் நிறுவனம் அதைச் சுத்திகரித்து விற்கிறது. இலங்கையின் போகலா சுரங்கத்தில் கதை வேறு. ஆழத்துச் சூடான திரவங்கள் கார்பனைச் சுமந்துவந்து வெடிப்புகளில் இறக்கிவைக்க, அங்கே தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் கிராஃபைட்டே நரம்பாக ஓடுகிறது. இருந்ததைத் திருத்துவது ஒன்று, நகர்த்திக்கொண்டுவந்து சேர்ப்பது இன்னொன்று. எந்தக் கல்லிலும் இந்த இரண்டில் எது நடந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பார்.

இப்போது ஊரோடு வந்துவிட்டார். கல் இல்லாத ஊரிலும் கையில் லென்ஸ் இருக்கிறது. வீடு கட்டக் கொட்டியிருக்கும் ஆற்று மணலில் ஒரு காந்தத்தை இழுத்துப் பாருங்கள். முனையில் மீசை மீசையாக ஒட்டுவதில் பெரும்பகுதி மேக்னடைட். ஒட்டாமல் கிடப்பதில் சிவப்பாக மின்னும் மணிகள் கார்னெட். காவிரி கடந்துவந்த உருமாறிய பாறைகளின் துணுக்குகள் அவை.