தேய்க்கிற பக்கம்

மன்னார்குடியில் மிளகாயும் மல்லியும் அரைக்க மாவு மில்லுக்குப் போயிருந்தேன். பாதி அரைபடும்போதே கரண்ட் போய்விட்டது. மெஷின் இரைச்சல் அடங்கிய பிறகுதான் தெருவில் உறுமிச் சத்தம் கேட்டது.

தலைப்பாகை, சாயம் போன கோட்டு, தோளில் துணிப்பை. பூம்பூம் மாட்டுக்காரர்தான், ஆனால் மாடு இல்லை. "வெயில் தாழ உட்காருங்க ஐயா" என்றதும் மில் திண்ணையில் உட்கார்ந்து உறுமியை மடியில் வைத்துக்கொண்டார்.

இடுப்பு ஒடுங்கிய கட்டை, பலாமரத்தில் குடைந்தது. இரண்டு பக்கமும் தோல், இரண்டையும் இழுத்துப் பிடிக்கும் கயிறு. வலப்பக்கத்தில் ஒல்லிக் குச்சி விழுகிறது. இடப்பக்கத்தில் அடியே கிடையாது. வளைந்த குச்சியின் முனையைத் தோல்மேல் அழுத்தித் தேய்க்கிறார். தேய்த்துத் தேய்த்து அந்த இடம் மட்டும் கறுத்து மினுங்குகிறது. குச்சி தோலைப் பற்றி இழுக்கிறது, தோல் திமிறி விடுபடுகிறது, மறுபடி பற்றுகிறது. நொடிக்குள் பலமுறை இது நடப்பதால்தான் அந்த நீண்ட உறுமல். வயலின் வில் தந்தியில் செய்யும் வேலையும் இதேதான். அழுத்தம் கூடினால் ஒலி மேலேறுகிறது, தளர்ந்தால் இறங்குகிறது. ஆக, ஒரு கை தாளம் பிடிக்க, மறு கை கிட்டத்தட்டப் பாடுகிறது.

மில்காரர் மகன் ஆசையாக வாங்கித் தேய்த்துப் பார்த்தான். கிறீச்சென்றது. "மணிக்கட்ட இறுக்காத தம்பி. தோள்லேர்ந்து வரணும்" என்று அவன் கையைப் பிடித்து நகர்த்திக் காட்டினார் பெரியவர்.

"யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

"எங்க நைனாகிட்டதான். வேற யாரு சொல்லித் தருவா?"

பூம்பூம் மாட்டுக்காரர்களுக்கு வீட்டுப் பேச்சு தெலுங்கு. ஆந்திரத்தில் சங்கராந்திக்கு அலங்கரித்த கங்கிரெத்து மாட்டோடு வீடு வீடாக வருகிறவர்களின் தொழிலும் இதுவே. மாடு என்னாயிற்று என்று கேட்டேன். "மேய்க்க எடம் ஏது சாமி? வைக்கோல் வாங்கிக் கட்டுப்படியாகல. பஸ்ஸுல ஏத்தவும் மாட்டான்." உறுமித் தோலைப் பற்றிக் கேட்டபோதுதான் முகம் மலர்ந்தது. அடிக்கிற பக்கத்துக்கு ஃபைபர் போட்டுக்கொள்ளலாமாம், மழைக்குத் தொய்யாது. "தேய்க்கிற பக்கம் தோலுதான் வேணும். ஃபைபரு வழுக்கிடும், பேசாது."

இதே உறுமி தேவதுந்துபியாகத் தேவராட்டத்துக்கு முன்னால் நிற்கிறது. மலேசியாவில் தைப்பூசக் காவடிகளோடு இளைஞர்கள் குழுவாக உறுமி மேளம் அடித்துப் போகிறார்கள். அங்கெல்லாம் இது கலை. வாசலில் வந்து நின்றால் மட்டும் ஒரு பிடி அரிசி, ஒரு பழைய சட்டை, "அடுத்த வீடு பாருப்பா". இது எனக்கு ஆறவே இல்லை. 1959இன் பம்பாய்ப் பிச்சை தடுப்புச் சட்டம் பாடியோ ஆடியோ காசு கேட்பதையும் பிச்சையென்றே கணக்கிட்டது. அதை அப்படியே தில்லிக்கும் கொண்டுபோனார்கள். 2018இல்தான் தில்லி உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை அங்கே செல்லாதென்றது. சட்டப் புத்தகத்தில் எழுதியதை நாம் வாசற்படியில் நின்று எழுதாமலே செய்துகொண்டிருக்கிறோம். நின்று கேட்பதில்லை, கேட்காமலே காசைப் போடுகிறோம். அதனால் அது தானமாகிவிடுகிறது, கூலியாவதில்லை.

பேத்தி பள்ளிக்குப் போகிறாள் என்றார். அவள் படிப்புக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் முதல் பெயரே ஆதியன், பூம்பூம் மாட்டுக்காரர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர். அந்தச் சான்றிதழுக்காக இச்சமூகத்தார் பல ஊர்களில் ஆண்டுக்கணக்காக அலைகிறார்கள். இவர் மனுவும் இன்னும் நகரவில்லை.

"பங்குனியில எங்க மாரியம்மன் கோயில் ஊர்வலத்துக்கு வருவீங்களா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஒத்த உறுமி ஊர்வலத்துல எடுபடாது. ரெண்டு உறுமி, ஒரு நாயனம் வேணும். ஆளு இருக்கு, எங்க தங்கச்சி பசங்க."

கோயில் வசூல் கணக்கு மில்காரர் கையில். "பாத்துக் குடுக்கலாம் பெரியவரே" என்று இழுத்தார் அவர். பேண்டு செட்டுக்குக் கொடுப்பதைத்தான் இவர்களுக்கும் கொடுக்க வேண்டும், முன்பணம் இன்றே வேண்டும் என்று அந்தத் திண்ணையிலேயே பேசி முடித்தேன். சாப்பாடும் பஸ் செலவும் தனி என்பதைப் பெரியவரே சேர்த்துக்கொண்டார்.